மேன்ஸ்டாப்பர்: ஒரு ரிவால்வர் தோட்டாவின் கதை

எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் சம்பளம் வாங்கியது. குன்னூரிலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போகிறவர்கள் வெலிங்டனுக்கு அடுத்த ஸ்டேஷனில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். தீப்பெட்டியோ பீடியோ மடியில் இருந்தால் கேட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் தேவைக்காக அந்த மலையில் எழுப்பிய ஆலை அது. அங்கே தயாரான கார்டைட் என்ற வெடிமருந்து எதற்குள் போய் அடைபட்டது, எங்கே வெடித்தது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை.

வேலைக்காகப் பர்மிங்காம் வந்த பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. காரணம், இந்த ஊர். நகரத்தின் நடுவே கன் குவார்ட்டர் என்று இன்றும் ஒரு பேட்டைக்குப் பெயர் இருக்கிறது. அங்கே வீமன் ஸ்ட்ரீட்டில்தான் வெப்லி ரிவால்வர்களைச் செய்தார்கள். ஆஸ்டன் வில்லா மைதானத்துக்கு அருகே உள்ள விட்டன் பகுதியில் கைனாக் தோட்டா ஆலை பல காலம் ஓடியது. அதாவது மருந்து எங்கள் ஊர் வகை, பித்தளையும் ஈயமும் இந்த ஊர் வகை. இரண்டும் சேர்ந்த பொருள்களில் ஒன்றுதான் .455 வெப்லி தோட்டா. பெயரில் இருக்கும் எண், குண்டின் விட்டம் அங்குலத்தில் சுமார் எவ்வளவு என்பது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பிரிட்டிஷ் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது. இந்தியாவில், ஆப்பிரிக்காவில், பிரான்சின் பதுங்குகுழிகளில், எங்கெல்லாம் அந்தப் பேரரசின் அதிகாரி போனாரோ அங்கெல்லாம் இதுவும் போனது.

என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். உரிமம் வாங்கி முறைப்படி பழைய தோட்டாக்களைச் சேகரிப்பவர். மருந்து நீக்கிய மூன்று .455 தோட்டாக்களை எடுத்து மேசைத் துணிமேல் வரிசையாக வைத்துக் காட்டினார். ஒன்று மார்க் 2, இன்னொன்று மார்க் 3, மூன்றாவது மார்க் 6. மார்க் என்பது தோட்டா மாறும் ஒவ்வொரு முறையும் ராணுவம் கொடுத்த வரிசை எண். பித்தளை உறை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், காகிதம் போல மெல்லிய விளிம்பு, நடுவில், அடிபட்டால் தீப்பொறி தரும் ஒரு கேப்பு. வேறுபாடு முழுக்க முன்னால் இருக்கும் ஈயத்தில்தான். முதலாவது மழுங்கிய, உருண்டை முனை. இரண்டாவதற்கு முனையே கிடையாது. தட்டையாக வெட்டிய உருளை, அதன் நெற்றியில் ஓர் அரைக்கோளக் குழி. மூன்றாவதில் ஈயமே கண்ணுக்குத் தெரியாது, செம்பு நிறக் கவசம் போர்த்தியிருந்தது.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனம். மார்க் 2 குண்டு மட்டும் 265 கிரெயின், அதாவது 17 கிராமுக்கு மேல். இன்றைய போலீஸ்காரரின் 9 மி.மீ. பிஸ்டல் குண்டைவிட இரண்டு மடங்கு. ஆனால் வேகம் ரொம்பக் குறைவு. நொடிக்கு 600 அடி, சுமார் 180 மீட்டர். ஒலியின் வேகத்தில் பாதிதான். கனமான குண்டை மெதுவாக அனுப்பு, அகலமாகத் துளை, ஆள் விழுவான் என்பது அந்தக் கால நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே உருவானது என்பதில்தான் இந்தத் தோட்டாவின் கதை இருக்கிறது.

இதற்கு முன்னால் இருந்தது 1868-ல் வந்த .450 ஆடம்ஸ். 225 கிரெயின் குண்டு, கொஞ்சம் கரிமருந்து. ஆப்கானிஸ்தானிலும் தென்னாப்பிரிக்காவிலும் சண்டை போட்ட அதிகாரிகள் அதைக் குறை சொன்னார்கள். சுட்ட பிறகும் எதிராளி வாளோடு வந்துகொண்டே இருக்கிறான் என்பது புகார். 1880களில் என்ஃபீல்ட் ரிவால்வரும் .476 தோட்டாவும் வந்தன. அந்த ரிவால்வர் யாருக்கும் பிடிக்கவில்லை. சுட்ட உறைகளை வெளியே தள்ளுவதில் ஓயாத தகராறு. 1887-ல் வெப்லி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. முதல் தவணை 10,000 ரிவால்வர்கள். அவற்றுக்காக வந்ததுதான் .455.

வெப்லியின் அமைப்பு இந்தத் தோட்டாவுக்கு ஏற்றது. கொக்கியை விரலால் தள்ளினால் குழல் முன்பக்கம் கவிழும். கவிழும்போதே நட்சத்திர வடிவத் தட்டு ஒன்று எழுந்து ஆறு உறைகளையும் ஒரே நேரத்தில் தூக்கி வெளியே தள்ளிவிடும். குதிரைமேல் இருப்பவர் ஒரு கையில் கடிவாளத்தோடு செய்யலாம். இந்த ஏற்பாட்டில் கவிழும் இணைப்புதான் பலவீனமான இடம். அழுத்தம் அதிகமான தோட்டாவை அது தாங்காது. மெதுவான குண்டை விட்டு வேகமானதற்குப் போக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். வேகத்தைக் கூட்ட வழியில்லாத இடத்தில் குண்டின் வடிவத்தில் கை வைத்தார்கள்.

முதல் .455 தோட்டாவில் இருந்தது 18 கிரெயின் கரிமருந்து. சுட்டால் முகத்துக்கு முன்னே வெள்ளைப் புகை, குழலுக்குள் கரிப் படிவு. அப்புறம் கார்டைட் வந்தது. நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபருத்தி 37 பங்கு, வாசலின் 5 பங்கு. இவற்றை மாவாகப் பிசைந்து அச்சில் இட்டு இடியாப்பம் மாதிரிப் பிழிந்து, இழைகளைக் காயவைத்து, தேவையான நீளத்துக்கு நறுக்குவார்கள். புகை இல்லை, வலு அதிகம். கரிமருந்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். அவ்வளவு குறைவான மருந்தைப் பழைய நீள உறையில் போட்டால் உள்ளே பாதிக்குமேல் வெற்றிடம். எரிவது ஒரே சீராக இருக்காது. அதனால் 1897-ல் மார்க் 2 வந்தபோது உறையை 22 மில்லிமீட்டரிலிருந்து 19 சொச்சம் மில்லிமீட்டராகக் குறுக்கிவிட்டார்கள். அந்தக் குட்டை உறைக்குக் காரணம் கார்டைட்தான் என்று பெரியவர் விளக்கியபோது அருவங்காட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவின் தோட்டா ஆலைகள் டம்டம்மிலும் கிர்க்கியிலும் இருந்தன, மருந்து நீலகிரியிலிருந்து போனது என்று அவரே சொன்னார்.

டம்டம் என்றதும் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டோம்.

1895-ல் வடமேற்கு எல்லையில் சித்ரால் படையெடுப்பு. அங்கே போன .303 ரைஃபிள் குண்டுகளுக்கு முழுக்கவசம் இருந்தது. உடம்பில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடுகிறது, மலைவாசிகள் நிற்காமல் வருகிறார்கள் என்று மறுபடியும் அதே புகார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதசாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே ஒரு மாற்றம் செய்தார். கவசத்தின் முனையைத் திறந்துவிட்டு ஈயத்தை வெளியே தெரியவைத்தார். உடலில் பட்டதும் ஈயம் மலர்ந்து விரியும். உள்ளே போன துளையைவிடப் பல மடங்கு பெரிய காயம் உண்டாகும். இன்று கல்கத்தா விமான நிலையம் இருக்கும் அந்த ஊரின் பெயர் உலகம் முழுக்க ஒரு குண்டு வகைக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

ரிவால்வருக்கும் அதே சிந்தனை வந்தது. 1898-ல் .455 மார்க் 3. மேசையில் இரண்டாவதாக இருந்ததே, குழி நெற்றிக்காரன், அதுதான். 218 கிரெயின் எடை, முன்னும் பின்னும் குழி. பின்குழி மருந்தின் அழுத்தத்தில் விரிந்து குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களைக் கவ்விப் பிடிக்க. முன்குழி மனித உடலில் பட்டதும் விளிம்பு வெளிப்பக்கம் சுருண்டு அகல. சேகரிப்பாளர்களும் விற்பவர்களும் அதை அழைக்கும் பெயர் மேன்ஸ்டாப்பர். ஆளை நிறுத்துவது. யாரை நிறுத்துவது என்பதைப் பெயரில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1899 மே மாதம் தி ஹேக் நகரில் அமைதி மாநாடு கூடியது. உடலில் எளிதில் விரியும், தட்டையாகும் குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனம் விவாதத்துக்கு வந்தது. பிரிட்டன் எதிர்த்தது. அதன் சார்பில் பேசிய சர் ஜான் ஆர்டா வைத்த வாதத்தை மாநாட்டுக் குறிப்புகளில் படிக்கலாம். நாகரிகமான நாட்டுச் சிப்பாய்க்குக் காயம்பட்டால் தனக்குக் காயம்பட்டது என்று புரியும், பின்வாங்கிச் சிகிச்சைக்குப் போவான். காட்டுமிராண்டி அப்படியல்ல, இரண்டு மூன்று குண்டு வாங்கிய பிறகும் ஓடிவந்து உங்கள் தலையை வெட்டிவிடுவான், அவனுக்குச் சாதாரணக் குண்டு போதாது. இதுதான் சாரம். ஒரு நாட்டின் பிரதிநிதி, பொது மேடையில், எழுத்துப்பதிவுக்குத் தெரிந்தே சொன்னது. இதைப் படித்த நாளில் வேறு வேலை எதுவும் ஓடவில்லை எனக்கு. அந்தக் காட்டுமிராண்டி என்ற சொல்லுக்குள் பத்தானியரும் சூடானியரும் ஜூலுக்களும் மட்டும் அல்ல, தேவைப்பட்டால் என் தாத்தாவும் அடக்கம்.

பிரகடனம் ஜூலை 29 அன்று நிறைவேறியது. பிரிட்டன் அதில் சேர்ந்தது 1907-ல்தான். ஆனாலும் மார்க் 3 தோட்டாவை 1900-லேயே சேவையிலிருந்து விலக்கினார்கள். ஐரோப்பாவில் கெட்ட பெயர் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். அதே நேரம் பிரகடனத்தில் இருக்கும் இன்னொரு வரியையும் கவனிக்க வேண்டும். கையெழுத்திட்ட நாடுகளுக்கு இடையே நடக்கும் போரில் மட்டுமே அது கட்டுப்படுத்தும். ஹேக் மேசையில் நாற்காலி இல்லாதவர்களுக்கு அந்தத் தடை பாதுகாப்புத் தரவில்லை. சூடானின் ஓம்துர்மானில் 1898-ல் குழிமுனை .303 குண்டுகளைக் கூட்டம் கூட்டமாக மனிதர்கள்மேல் சுட்டார்கள். அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு போர் மூண்டபோது அதே வகைக் குண்டை ஒதுக்கி வைத்தார்கள். போயர்கள் வெள்ளையர்கள். இந்த இரண்டு போர்களுக்கும் நடுவே பதின்மூன்று மாதம்தான் இடைவெளி, துப்பாக்கியும் அதேதான்.

என் பார்வையில் .455-ன் வரலாறு முழுவதும் இதுதான் ஓடுகிறது. குண்டின் வடிவம் மாறும் ஒவ்வொரு முறையும், இதை யார்மேல் சுடப்போகிறோம், அவர்கள் திரும்பச் சுட முடியுமா என்ற கணக்கு பின்னால் இருக்கிறது.

1912-ல் கை மறுபடியும் அரித்தது. மார்க் 4 வந்தது: 220 கிரெயின், குழி கிடையாது, ஆனால் முனை தட்டை. சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் பொருளைச் சுற்றிப்போகும் வேலை. 1914-ல் மார்க் 5, அதே வடிவம், ஈயத்தில் ஆன்டிமனி கூடுதலாகச் சேர்த்துக் கொஞ்சம் கடினமாக்கியது. அந்த ஆகஸ்டில் உலகப் போர். எதிரில் ஜெர்மனி. செப்டம்பர் 7 அன்று ஜெர்மன் கைசர் அமெரிக்க அதிபர் வில்சனுக்குத் தந்தி அனுப்பினார்: எதிரிகள் டம்டம் குண்டு பயன்படுத்துகிறார்கள் என்று. பிடிபட்ட பிரிட்டிஷ் அதிகாரியின் பையில் தட்டைமுனைத் தோட்டா இருந்தால் அவர் கதி என்ன ஆகும்? அந்த ஆண்டு முடிவதற்குள் மார்க் 4, மார்க் 5 இரண்டும் வாபஸ். உருண்டைமுனை மார்க் 2 மறுபடியும் வேலைக்கு வந்தது. பத்தானியர்களின் முறையீட்டால் நடக்காதது ஒரு கைசரின் தந்தி வந்த மூன்று மாதத்துக்குள் நடந்தது.

போர் நீண்டதும் வெப்லியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1915-ல் வந்த ஆறு அங்குலக் குழல் மார்க் 6 ரிவால்வரை (ரிவால்வருக்குத் தனி மார்க் எண், தோட்டாவின் மார்க் 6 வேறு) லட்சக்கணக்கில் செய்தும் போதவில்லை. அமெரிக்காவின் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆலைகளில் .455 தோட்டாவுக்குப் பொருந்தும் ரிவால்வர்களைச் செய்து வாங்கினார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மட்டும் சுமார் 70,000-க்கு மேல் கொடுத்தது. போர் முடிந்ததும் இவற்றில் எத்தனையோ கணக்கில் வராமல் சிப்பாய்களின் பெட்டிகளோடு வீட்டுக்குப் போய்விட்டன. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அமெரிக்கர்களுக்கும் இதே வியாதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸில் மோரோ மக்களோடு சண்டை போட்டபோது அவர்களுடைய .38 ரிவால்வர் போதவில்லை என்றார்கள். 1904-ல் தாம்சன், லகார்ட் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் மாடுகள்மீதும், அத்துடன் மனிதப் பிணங்கள்மீதும் பல அளவுத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் மேன்ஸ்டாப்பரும் அந்தப் பட்டியலில் இருந்தது. .45-க்குக் குறைந்த எதுவும் ராணுவத்துக்கு ஆகாது என்பது முடிவு. அந்தச் சோதனை முறையை இன்று எந்த விஞ்ஞானியும் ஏற்க மாட்டார். இருந்தாலும் அமெரிக்கக் கைத்துப்பாக்கி 1911-லிருந்து பல பத்தாண்டுகள் .45 ஆக இருந்ததற்கு வேர் அங்கேதான்.

1920களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே .455 பாரமாகத் தெரிந்தது. ரிவால்வரே ஒரு கிலோவுக்கு மேல் எடை, உதைப்பும் அதிகம், அவசரத்தில் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் ஆட்களுக்கு ஒத்துவராது. சின்ன .38 உறையில் 200 கிரெயின் ஈயக் குண்டை வைத்தார்கள். 1932-ல் என்ஃபீல்ட் ரிவால்வர் அந்த அளவில் வந்தது. அது வெப்லியின் வடிவத்தையே தழுவியது என்பதால் வெப்லி நிறுவனம் பணம் கேட்டுப் போராடி, கடைசியில் 1,250 பவுண்ட் மட்டும் வாங்கியது. அந்த 200 கிரெயின் மென்ஈயமும் ஹேக் பிரகடனத்துக்கு முரணாகத் தோன்றலாம் என்ற கவலையில் அடுத்த போருக்கு முன்பே அதை மாற்றினார்கள்; கவசமிட்ட 178 கிரெயின் குண்டு வந்தது. .455-க்கும் 1939-ல் அதே கவசம், மார்க் 6. எதிரி மறுபடியும் ஜெர்மானியர். பெரியவர் வைத்த வரிசையில் மூன்றாவது தோட்டா ஏன் செம்புப் போர்வை போர்த்தியிருந்தது என்பதற்கு விடை இதுதான்.

போருக்குப் பிறகு கதை வேகமாக முடிகிறது. மிச்சமிருந்த வெப்லிகள் அமெரிக்கச் சந்தைக்குக் கப்பலேறின. அங்கே .455 தோட்டா சுலபமாகக் கிடைக்காது, .45 பிஸ்டல் தோட்டா எங்கும் கிடைக்கும். வியாபாரிகள் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி, பிறை வடிவக் கவ்வியில் .45 தோட்டாக்களைச் செருகிச் சுட வழி செய்தார்கள். .45-ன் அழுத்தம் .455-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அப்படிச் சீவிய பல வெப்லிகள் விரிசல் விட்டன. இந்தியாவில் .455 ரிவால்வர் தடைசெய்யப்பட்ட அளவுகளின் பட்டியலில் இருக்கிறது; சாதாரண உரிமத்துக்குக் கிடைக்காது. உரிமம் பெற்றவர்களுக்காக அரசு ஆயுத ஆலை செய்யும் ரிவால்வர் .32 அளவு. அதை ஒருமுறை படத்தில் பாருங்கள். குழல் கவிழும் விதம், கொக்கி, பிடி என்று எல்லாம் வெப்லி.

சரி, இதுவரை இந்தத் தோட்டாவை வைத்திருந்தவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தோம். எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களுக்குத் தோட்டா என்பது கிடைக்காத பொருள். 1878-ன் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை மட்டும் பூட்டி வைக்கவில்லை, தோட்டாவையும் பூட்டி வைத்தது. துப்பாக்கி ஒன்றை எப்படியோ கடத்தி வந்துவிடலாம். அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தோட்டா சுட்டால் தீர்ந்துபோகும். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ராடா என்ற ஆயுத வியாபாரக் கம்பெனியின் சரக்கிலிருந்து புரட்சியாளர்கள் 50 மவுசர் பிஸ்டல்களைக் கடத்தியது பெரிய செய்தி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கூடவே போன 46,000 தோட்டாக்கள். வங்காளத்தில் பல ஆண்டுகள் நடந்த தாக்குதல்களுக்கு அவைதான் தீனி. 1930 ஏப்ரல் 18 இரவு சிட்டகாங்கில் சூர்யா சென்னின் ஆட்கள் துணைப்படை ஆயுதசாலையைக் கைப்பற்றினார்கள். ரைஃபிள்கள் கிடைத்தன, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள் கிடைத்தன, தோட்டா கிடைக்கவில்லை. வேறு இடத்தில் வைத்திருந்தார்கள். அவ்வளவு ஆயுதமும் வெறும் இரும்பாகிவிட்டது. நம் பக்கத்து மணியாச்சியில் 1911-ல் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டதும் இங்கே பலருக்கு நினைவு வரும். அவர் கையில் இருந்தது பெல்ஜியம் பிரௌனிங் பிஸ்டல், வேறு குடும்பம், வேறு தோட்டா.

அரசுப் பக்கம் தோட்டாவை எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ். ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் சிப்பாய்கள் சுட்டது 1,650 ரவுண்ட் என்று நமக்குத் துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் அந்தக் கணக்குப்பிள்ளைத்தனம்தான். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அரசு சொன்னது 379, காங்கிரஸ் சொன்னது ஆயிரத்தை ஒட்டி. தோட்டா எண்ணிக்கையில் மட்டும் தகராறு கிடையாது.

அன்று பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து, டயர் செய்தது சரி என்று சொன்னவர் மைக்கேல் ஓ'ட்வையர். 1940 மார்ச் 13 மாலை, லண்டன் காக்ஸ்டன் ஹாலில் ஒரு கூட்டம். ஆப்கானிஸ்தானைப் பற்றி சர் பெர்சி சைக்ஸ் பேசினார். கூட்டம் கலையும் நேரத்தில் உத்தம் சிங் முன்வரிசைக்கு வந்து ஆறு முறை சுட்டார். இரண்டு குண்டுகள் ஓ'ட்வையருக்கு, அங்கேயே இறந்தார். இந்தியாவுக்கான அமைச்சர் ஜெட்லண்ட் பிரபு, முன்னாள் பம்பாய் கவர்னர் லாமிங்டன் பிரபு, ஓ'ட்வையருக்கு முன்னால் பஞ்சாபை ஆண்ட சர் லூயி டேன் மூவருக்கும் குண்டு பட்டது. மூவரும் பிழைத்தார்கள். டேனுக்குக் கை எலும்பு முறிவு, லாமிங்டனுக்குக் கையில் காயம், ஜெட்லண்டுக்கு விலாவில் அடிபட்டதோடு சரி. சில அடி தூரத்திலிருந்து சுட்டது.

உத்தம் சிங்கின் கையில் இருந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மார்க் 2 ரிவால்வர், .455 அளவு. முதல் உலகப் போருக்காக அமெரிக்காவில் வாங்கினார்கள் என்று சொன்னேனே, அந்த வகை. தோட்டாக்கள் .455 இல்லை. .44 அளவுள்ள பழைய தோட்டாக்கள். கிடைத்ததை வைத்துச் சுட்டிருக்கிறார்.

இதன் விளைவைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். .44 என்று பெயர் இருந்தாலும் அந்த வகைக் குண்டின் உண்மையான விட்டம் பெரும்பாலும் 0.43 அங்குலம். .455 குழலில் அது உருளும்போது சுற்றிலும் இடைவெளி இருக்கும். மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டைத் தள்ளுவதற்குப் பதிலாக அந்த இடைவெளி வழியே முன்னால் ஓடிவிடும். குண்டு வரிப்பள்ளத்தைச் சரியாகக் கவ்வாது, சுழற்சி கிடைக்காது, வேகமும் குறையும். மருந்து வருடக்கணக்கில் கிடந்து பழையதாகியிருந்தால் இன்னும் மோசம். அந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பலரும் மற்ற மூவர் பிழைத்ததற்கு இதைக் காரணமாகச் சொல்கிறார்கள். ஓ'ட்வையருக்கு மிக அருகிலிருந்து சுட்டதால் குறை தெரியவில்லை. ஜெட்லண்ட் போட்டிருந்த கோட்டையும் அவர் விலாவையும் தாண்ட அந்தக் குண்டுக்கு வலு போதவில்லை.

ஒரு பேரரசு தன் ரிவால்வர் குண்டின் நெற்றியில் குழி போடலாமா, தட்டையாக்கலாமா, கவசம் போடலாமா என்று நாற்பது ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தது. அவ்வளவு யோசித்துச் செய்த .455-ல் ஆறே ஆறு சரியான தோட்டாக்கள் அதன் தலைநகரத்தில், இருபத்தோரு ஆண்டுகள் கோபத்தைச் சுமந்த ஒரு மனிதருக்குக் கிடைக்கவில்லை. நான் கொலையைப் புகழ வரவில்லை. ஜாலியன்வாலா பாக்கில் விழுந்த ஒவ்வொரு குண்டும் துப்பாக்கிக்குச் சரியாகப் பொருந்தியது என்பதை மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உத்தம் சிங்கை ஜூலை 31 அன்று பென்டன்வில் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய உடல் எச்சங்கள் 1974-ல் இந்தியா வந்தன. ரிவால்வர், கத்தி, டைரி, அன்று சுட்டதில் ஒரு குண்டு ஆகியவை ஸ்காட்லண்ட் யார்டின் குற்ற அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. என்றாவது திறந்தால் ரிவால்வரைப் பார்க்கவே எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நான் அந்தக் குண்டுக்காகப் போவேன். அளவுகோல் வைத்து அதன் விட்டம் எவ்வளவு, குழலின் வரிகள் அதன்மேல் முழுதாகப் பதிந்திருக்கின்றனவா, ஒரு பக்கம் மட்டும் உரசியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை அளந்து சொல்லும் ஒரு சிறு குறிப்பையாவது அவர்கள் வெளியிட்டால் போதும்; பெரியவரும் நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறோம்.